எனக்கு நானே போதும் என்று பேசிய கேசட்

“நான் வந்து நாலு மாசமாச்சு. இந்த வீட்ல நான் வந்தது இன்னும் யாருக்கும் தெரியலை. பேசாம போர்ட் பிளேருக்கே திரும்பிப் போய் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

என் கணவர் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னது இது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருபது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு என்பதால் அப்படியே மனசில் நிற்கிறது. குற்றம் என்னவென்றால், நான் குக்கரில் இரண்டு பேருக்குத்தான் அரிசி வைத்திருந்தேன். எனக்கும், பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் சுதாவுக்கும். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

“ஒரு பிடி அரிசிக்கா இத்தனை பெரிய பிரசங்கம்?” என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். கத்துவது எனக்குச் சுலபம். ஆனால் அந்த நாலு மாதத்தில் இப்படி அரிசி வைத்தது எத்தனையாவது தடவை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மனசுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுப்பது சுலபமான தொழில். சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்தான் தொழில்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். டில்லி ஆர்.கே.புரத்தில் இரண்டாம் மாடி அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் செய்கிற தொழில் இது. யாருக்கு எந்தப் பழக்கம் போக வேண்டுமோ, எந்தப் பயம் தெளிய வேண்டுமோ, அதை ஒரு காலி கேசட்டில் என் குரலில் நிதானமாகப் பேசிக் கொடுப்பேன். அவர்கள் கண்ணை மூடிப் படுத்துக் கேட்க வேண்டும். பத்திலிருந்து ஒன்று வரை எண்ணுவேன். உடம்பு தளரும், மனசு கதவைத் திறக்கும், சொன்னது உள்ளே போய் உட்காரும். ஹிப்னாடிசம் என்று சொன்னால் ஊரில் பயப்படுவார்கள் என்று ‘ரிலாக்ஸ் கேசட்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் வீட்டில் யாரையாவது மாற்றப் பார்த்துத் தோற்றவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

நடைபாதையில் கிடைத்த குரு

அவருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தபோது, சுதாவின் படிப்புக்காக நானும் அவளும் டில்லியிலேயே தங்கினோம். அவர் போய் மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமைகளில் தரியாகஞ்ச் நடைபாதையில் விரிக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குச் சுதாவின் கெமிஸ்ட்ரி புத்தகம் தேடிப் போனேன். கெமிஸ்ட்ரி கிடைக்கவில்லை. அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. தன்னைத் தானே மயக்கித் தன் குணத்தை மாற்றிக்கொள்வது எப்படி என்று நூற்றுப் பத்துப் பக்கம். யாரோ ஒரு துரை, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் ‘ட்ரூ! ட்ரூ!’ என்று எழுதி வைத்திருந்தார்.

கான்வென்டில் படித்தவளுக்கு அச்சில் இங்கிலீஷில் எது இருந்தாலும் பாதி நம்பிக்கை வந்துவிடும். இருந்தாலும் கடைக்காரரிடம், “பய்யா, இது பலிக்குமா?” என்று ஹிந்தியில் அண்ணன் முறை சொல்லிக் கேட்டு வைத்தேன். அவர் பீடியை எடுக்காமலேயே சொன்னார்: “இதை வாங்கிட்டுப் போனவங்க யாரும் திட்டறதுக்குத் திரும்பி வரலை, பெஹன்ஜி.”

கடைசி ஸ்டாப் வரை தூங்கியவள்

என் முதல் கிராக்கி ஸ்டெல்லா. நாகர்கோவில் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், எதிர் பிளாக்கில் இன்னும் இரண்டு நர்ஸ்களோடு இருந்தாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வராது. கீழே காய்கறி வண்டிக்காரன், மேலே மெத்தை அடிக்கிறவன், பக்கத்தில் கல்யாண பாண்டு. மஸ்கட்டிலிருந்து என் தம்பி கொண்டுவந்து கொடுத்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் அவளுக்கு அரை மணி பேசிக் கொடுத்தேன். திருச்சியில் எங்களுக்கு எலக்யூஷன் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த கான்வென்ட் சிஸ்டர், வாக்கியம் முடியும்போது குரலைப் பீங்கான் தட்டு மாதிரி மேஜைமேல் மெதுவாக வைக்கச் சொல்வார். சாதாரணமாக எனக்குத் தட்டை எறிகிற குரல்தான். சிவப்புப் பட்டனை அழுத்தினால் மட்டும் சிஸ்டர் வந்துவிடுவார்.

பத்தே நாளில் ஸ்டெல்லா தூங்கினாள். அதிகமாகவே தூங்கினாள். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையை எண்ண ஆரம்பித்தால் போதும், இவள் தலை சாய்ந்துவிடும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கடைசி ஸ்டாப்புக்குப் போய்விட்டு வந்தாள். அப்புறம்தான் புத்தகத்தில் நான் தாண்டிப் படித்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. மனசுக்கு எதைச் சொன்னாலும் எங்கே, எப்போது, எதுவரை என்று எல்லை கட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது வீடு முழுக்கப் பரவும் தண்ணீர் மாதிரி எல்லா அறைக்கும் போய்விடும். ‘என் கட்டிலில், என் தலையணையில் மட்டும்’ என்று சேர்த்துப் புதிதாகப் பேசிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லை கட்டாமல் யாருக்கும் கேசட் கொடுத்ததில்லை. ஸ்டெல்லா பழைய கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னாள்: “அக்கா, நீங்க பத்துன்னு சொல்லும்போதே நான் தூங்கிருவேன். மிச்சம் ஒம்பதும் எதுக்குன்னே எனக்குத் தெரியாது.”

தபால்காரரின் இரக்கம்

ஊருக்கு வைத்தியம் பார்த்ததைச் சொல்கிறேனே, புத்தகம் வாங்கியது எனக்காகத்தான். போர்ட் பிளேரிலிருந்து கடிதம் எப்போது வரும் என்று கணக்கே கிடையாது. வந்தால் மூன்று சேர்ந்து வரும். வராவிட்டால் ஒரு மாதம் ஒன்றும் இருக்காது. காலை பதினோரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், கையில் கோதுமை மாவோடு இரண்டு மாடியும் இறங்கி ஓடுவேன். பால் பொங்கும், பருப்பு அடிப்பிடிக்கும், கதவு திறந்து கிடக்கும். ஒரு நாள் படியில் விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்தது. கடிதம் கீழ்வீட்டு மிஸஸ் கபூருக்கு.

ஓடுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தபால்காரரின் முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. என்னைக் கண்டதும் கையிலிருக்கும் கட்டை இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பார், எனக்காக. இல்லை என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். “நாளைக்கு வரும், பெஹன்ஜி” என்பார். நாற்பது வயசில், இங்கிலீஷில் கனவு காண்கிற ஒருத்தி, மாவுக் கையோடு தெருவில் நின்று ஒருவருடைய இரக்கத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வருவது என்றால் எப்படி இருக்கும்? ஆகவே ஒரு கேசட்டில் எனக்கு நானே பேசினேன். ‘மணி அடிக்கிறது. அது யாருக்கோ அடிக்கிறது. என் கை என் வேலையில் இருக்கிறது. எனக்கு நானே போதும்.’ தினமும் மத்தியானம், சுதா ஸ்கூலிலிருந்து வருவதற்குள், கண்ணை மூடிக் கேட்டேன்.

ஐந்தாவது வாரம் மணி அடித்தபோது நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். வட்டம் கொஞ்சம்கூடக் கோணவில்லை. என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! நாலு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் தபால்காரர் தானே மாடியேறி வந்து, என் கணவர் எழுதிய இரண்டு கடிதங்களை நீட்டிக்கொண்டு கேட்டார்: “உடம்பு சரியில்லையா, பெஹன்ஜி? கீழே இறங்கறதையே விட்டுட்டீங்களே.”

புரியாததே மருந்து

மிஸஸ் கபூர் லூதியானாக்காரர். நல்ல மனசு, நல்ல எடை. டாக்டர் நெய்யைக் குறை என்றார், அவர் டாக்டரைக் குறைத்தார். கடைசியில் என்னிடம் வந்தார். ஹிந்தியில் பேசிக் கொடுக்கிறேன் என்றால் கேட்கவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பேசினாயே, அந்தப் பாஷையிலேயே வேண்டும் என்று பிடிவாதம். சரி என்று தமிழிலேயே பேசினேன். ‘ஒரு பராட்டாவோடு என் வயிறு நிறைகிறது. வீட்டில் இருக்கும்போதும் கல்யாணத்துக்குப் போகும்போதும்.’ எல்லை மறக்கவில்லை பாருங்கள்.

இரண்டு மாதத்தில் மிஸஸ் கபூரின் சல்வாரைத் தையற்காரர் பிடிக்க வேண்டி வந்தது. ஒரு வார்த்தை புரியாமல் எப்படிப் பலித்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. துரையின் புத்தகத்திலும் பதில் இல்லை. அவரையே கேட்டேன். ஹிந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “புரிஞ்சிருந்தா உன்கூடச் சண்டை போட்டிருப்பேனே!”

இரண்டு டம்ளர்

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெரிய பதவியில் இருந்து ரிடையரானவர். ராமநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் காபி கலந்தால் கை தானாக இரண்டு டம்ளரில் ஊற்றிவிடுகிறது, ஆறிப்போன ஒரு டம்ளரைத் தினமும் தொட்டியில் கொட்ட வேண்டியிருக்கிறது, இந்தப் பழக்கம் போக வேண்டும் என்றார். மிகவும் மரியாதையாக, ஃபைலில் நோட் எழுதுகிற மாதிரிக் கேட்டார். நானும் அழகாகப் பேசிக் கொடுத்தேன். ‘காலையில் என் சமையலறையில் ஒரு டம்ளர் எடுக்கிறேன். அது எனக்குப் போதும்.’ என்னுடைய மிக நல்ல கேசட் அதுதான். பின்னணியில் ஒரு குக்கர் விசில்கூட இல்லை.

பத்து நாள் கழித்து, அதே மரியாதையோடு, மழித்த முகத்தோடு திரும்ப வந்தார். கேசட்டை மேஜையில் வைத்தார். நாடா தொடங்கின இடத்திலேயே இருந்தது. போட்டே பார்க்கவில்லை. எனக்குக் கோபம். அரை மணி தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், கேட்டுப் பார்த்துவிட்டாவது குறை சொல்லியிருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படாமல் சொன்னார்: “கேட்டு, அது பலிச்சுட்டா என்னம்மா பண்றது?”

அவர் போன பிறகு வாசற்கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன். படித்தவர், இப்படியா என்று சுதாவிடம் புலம்பினேன். அப்போது என் சப்பாத்திகள் நிலா மாதிரி வட்டமாக இருந்த காலம்.

வாசலில் ஒரு பெட்டி

போர்ட் பிளேரில் இரண்டு வருஷம் முடிந்து என் கணவர் வந்தது ஒரு காலைப் பதினோரு மணிக்கு. தேதி எழுதியிருந்தார், ரயில் எழுதியிருந்தார். நான் படித்துவிட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். வாசல் மணி அடித்தது. நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மணி அடிக்கிறது, அது யாருக்கோ அடிக்கிறது. பாதிக் கோஸ் மீதி இருந்தது. முழுக்க நறுக்கினேன். கத்தியைக் கழுவினேன். கையைத் துடைத்தேன். மூன்றாவது தடவை மணி அடித்த பிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன்.

தோல் கறுத்து, காதோரம் நரைத்து, ஒரு தகரப் பெட்டியும் சங்கும் சிப்பியும் கட்டிய ஒரு துணி மூட்டையுமாக நின்றார். அவரைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும், கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் திட்டம் போட்டிருந்தேன். கட்டுப்படுத்த ஒன்றும் வரவில்லை. “காபி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன், கேசட்டில் பேசுகிற அதே குரலில். அவர் செருப்பைக் கழற்றாமல், கதவில் இருக்கும் குவார்ட்டர்ஸ் நம்பரை ஒரு தடவை பார்த்தார். “வீடு மாறி வந்துட்டேனோன்னு நினைச்சேன்.”

எல்லை கட்டாத இடம்

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று பேர் வீட்டில் இரண்டு பேருக்கு அரிசி. அவர் பால்கனியில் இருக்கும்போதே கதவைப் பூட்டிக்கொண்டு கறிகாய் வாங்கப் போனது ஒரு தடவை. மலை மந்திர் முருகன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, அவரையும் அழைத்து வந்திருக்கிறேன் என்பதை மறந்து, நான் மட்டும் படியிறங்கி பஸ் ஸ்டாப்பில் நின்றது ஒரு தடவை. அவர் பின்னாலேயே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

என் பழைய கேசட்டைத் தேடியெடுத்துப் போட்டுக் கேட்டேன். ஸ்டெல்லாவுக்குக் கட்டிய எல்லை, மிஸஸ் கபூருக்குக் கட்டிய எல்லை, ராமநாதன் ஸாருக்குக்கூட ஒரு சமையலறை அளவு எல்லை. எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ‘அவர் வரும் வரை’ என்று மூன்றே வார்த்தை சேர்த்திருந்தால் போதும். பேசிய அன்றைக்கு அவர் வருவார் என்பதே மனசுக்கு எட்டாத விஷயமாக இருந்திருக்கும் போலிருக்கிறது.

எனக்குப் பழையபடி ஓட வேண்டும். படியில் விழ வேண்டும். பருப்பு அடிப்பிடிக்க வேண்டும். ஆபீஸ் விட்டு ஐந்தே முக்காலுக்கு அவர் காலடிச் சத்தம் படியில் கேட்டால் என் கை மாவில் நிற்கக் கூடாது. இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய வயசா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நான் ஒரு புதுக் கேசட்டை எடுத்து, ‘அவர் வருகிறார். என் மனசு எழுந்து நிற்கிறது’ என்று பேசி மூன்று வாரம் கேட்டேன். ஒன்றும் எழுந்து நிற்கவில்லை. ஒரு நாள் சுதா ஸ்கூல் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசற்படியிலேயே நின்று கேட்டுவிட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த அவளுடைய தமிழில் சொன்னாள்: “அச்சா குரல்தான் அம்மா. பட் நீயே பேசி நீயே கேட்டா எப்படி? உனக்கு ஆல்ரெடி தெரியுமே நீ என்ன சொல்லப் போறேன்னு.”

காலிப் பக்கம்

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை, அரிசிச் சண்டை முடிந்து, இரண்டாவது தடவை குக்கர் வைத்து, மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். குளிர்கால வெயில். அவர் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அந்தக் கடிதம், போர்ட் பிளேருக்கே திரும்பப் போகச் சம்மதம் என்று எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. மாசக் கடைசிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டுமாம். பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு பிடி கடலை.

நான் கேசட் விஷயம் முழுவதையும் சொன்னேன். தபால்காரர், மாவு, முழங்கால், எல்லாம். இரண்டு வருஷத்துக் கடிதங்களில் ஒன்றில்கூட இதை எழுதியதில்லை. ‘இங்கு அனைவரும் நலம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், “இப்போ நான் என்ன பண்ணணும்?” என்றார். ‘எனக்கு நானே போதும்’ கேசட்டின் மறுபக்கம் காலியாக இருக்கிறது, அதில் உங்கள் குரல் வேண்டும் என்றேன். என் குரலை என் மனசு நம்ப மாட்டேன் என்கிறது, நீங்கள் சொன்னால் கேட்கும் என்றேன். பத்திலிருந்து ஒன்று வரை எண்ணக்கூட வேண்டாம், ஒரே வாக்கியம். சொல்லிவிட்டு, பதிவுக்கான இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, கடிதத்தின் மேலேயே பெட்டியை வைத்தேன். அதற்குள் கீழே கியாஸ்காரன் கூப்பிட்டான், நான் சிலிண்டருக்காக இறங்கிப் போக வேண்டி வந்தது. அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது நாடா ஓடி முடிந்திருந்தது. மோடா காலி. கடிதம் பெட்டிக்கு அடியிலேயே இருந்தது, கையெழுத்து இல்லாமல். அவர் உள்ளே செய்தித்தாளை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

நேற்று அவர் ஆபீஸ் போன பிறகுதான் தைரியம் வந்து, அந்தப் பக்கத்தைப் போட்டு, கண்ணை மூடி, புத்தகத்தில் சொன்னபடி உடம்பைத் தளர்த்திக் கேட்டேன். கடலைத் தோல் உடைகிற சத்தம். மிஸஸ் கபூர் யாரிடமோ முள்ளங்கி விலை கேட்கிற சத்தம். கியாஸ்காரன். என் செருப்பு படியிறங்குகிற சத்தம். அப்புறம் கடலை உடைவதும் நின்றுபோய் மோடா ஒரு தடவை கிரீச்சென்கிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். அதற்கு மேல் நாடா முடிகிறவரை வெறும் இரைச்சல். ஊருக்கெல்லாம் அரை மணி அரை மணியாகப் பேசிக் கொடுத்தவளுக்குத் தொழிலில் கடைசியாக மிஞ்சிய வரும்படி ஒரு செருமல்.

அந்தப் பக்கத்தில் தெளிவாகக் கேட்கிற வார்த்தைகள் என்னுடையவைதான். பட்டனை அழுத்தியதும், சிஸ்டர் சொல்லிக் கொடுத்த குரலை விட்டு, என் சொந்தக் குரலில் நான் சொன்னது:

“என்னங்க, ‘நான் வந்துட்டேன்’னு ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்.”